எது காத்திருக்கும், எது காத்திருக்காது? பெருந்தொற்றுக் காலத்தில் மற்ற மருத்துவம்

2021ஆம் ஆண்டுக்கான இந்தியாவின் பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கை 2025 மே மாதம்தான் வெளியானது. 2020இல் நாடு முழுவதும் பதிவான இறப்புகள் சுமார் 81 லட்சம். 2021இல் அது சுமார் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் இருபது லட்சத்துக்கும் மேல் ஏறியிருக்கிறது. அந்த ஆண்டில் கொரோனாவால் இறந்தவர்கள் என்று அரசு அறிவித்த எண்ணிக்கையோ சுமார் 3.3 லட்சம்.

அறிக்கை வந்ததும் வழக்கமான வாதம் தொடங்கிவிட்டது. மிச்சமெல்லாம் மறைக்கப்பட்ட கொரோனா இறப்பு என்றது ஒரு தரப்பு. இறப்பைப் பதிவு செய்யும் பழக்கம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தச் சண்டைக்கு நடுவே மூன்றாவது ஒரு கூட்டம் கண்ணில் படாமல் போகிறது. கொரோனா தொற்றே வராமல், வேறு நோய்க்குரிய வைத்தியம் நேரத்துக்குக் கிடைக்காததால் இறந்தவர்கள் அவர்கள். தினமும் மாலையில் வந்த கொரோனா அறிக்கையில் அவர்களுக்கென்று ஒரு வரி இருந்ததில்லை.

மிகை இறப்பு என்றால் என்ன?

வழக்கமான ஓர் ஆண்டில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று முந்தைய ஆண்டுகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்தால் வருவது மிகை இறப்பு. 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து உலக அளவில் இது சுமார் 1 கோடியே 49 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. இந்தியாவுக்கான கணக்கீட்டு முறையை இந்திய அரசு அப்போதே ஏற்க மறுத்தது. அந்தத் தகராறு தனிக் கதை.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. இந்த எண்ணில் இரண்டு வகை இறப்புகள் கலந்திருக்கின்றன. கிருமி நேரடியாகக் கொன்றது ஒரு வகை. மருத்துவமனை மூடியது, பஸ் ஓடாதது, மாத்திரை தீர்ந்தது, பயந்து வீட்டிலேயே இருந்தது என்று சுற்றி வந்து கொன்றது இன்னொரு வகை. முதல் வகையைத் தடுக்கத் தடுப்பூசி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வகைக்கான மருந்து முதல் நாளிலிருந்தே நம் கையில் இருந்தது. அதனால்தான் இரண்டாவது வகை அதிகம் உறுத்துகிறது.

அத்தியாவசியம் என்பதை எப்படி முடிவு செய்வது?

"அத்தியாவசிய சுகாதாரச் சேவை" என்றதும் பலருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவும் 108 ஆம்புலன்சும் நினைவுக்கு வரும். அவை பட்டியலின் ஒரு நுனி மட்டுமே. நோய் எவ்வளவு பெரியது என்று கேட்டு இந்தப் பட்டியலைப் போட முடியாது. எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கேட்டால் முடியும்.

1. மணிக்கணக்கில் தீர்ந்துபோவது: பிரசவம், மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, பாம்புக்கடி. இவற்றுக்கு மாற்று ஏற்பாடு யோசிக்கவே நேரம் கிடையாது. கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. நாள்கணக்கில்: டயாலிசிஸ், இன்சுலின், தலசீமியா உள்ள குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவது, வலிப்பு மாத்திரை. டயாலிசிஸ் செய்துகொள்பவர் பார்ப்பதற்கு நோயாளி மாதிரியே இருக்க மாட்டார். இரண்டு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடலாம்.

3. மாதக்கணக்கில்: காசநோய் மருந்து, எச்.ஐ.வி. கூட்டு மருந்து, சுகர், பிரஷர் மாத்திரை, கீமோ, கர்ப்பகாலப் பரிசோதனை. ஒரு வாரம் தாமதமானால் ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதுதான் இங்கே ஆபத்து.

4. ஆண்டுக்கணக்கில்: குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசி, புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை. ஊசி தவறிய குழந்தை அன்றும் நன்றாக விளையாடும், மறுநாளும் விளையாடும். விலை கொடுப்பது இரண்டு ஆண்டு கழித்து, வேறு எங்கோ இருக்கும் இன்னொரு குழந்தையாகக்கூட இருக்கலாம்.

5. உண்மையிலேயே காத்திருக்கக்கூடியவை: அழகு சார்ந்த அறுவை சிகிச்சைகள், அவசரமில்லாத மூட்டு மாற்று, ஆண்டுக்கொரு முறை செய்யும் முழு உடல் பரிசோதனை.

நெருக்கடியில் அரசுகள் ஐந்தாவதை நிறுத்துவதாகத்தான் நினைக்கின்றன. கூடவே நான்காவதும் மூன்றாவதும் நின்றுபோகின்றன. நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் எப்படி நின்றது?

படுக்கை நிரம்புவதற்கு முன்பே சேவை நிற்கும்

நோயாளிகள் குவிந்து படுக்கை இல்லாமல் போவதால்தான் மற்ற மருத்துவம் நிற்கிறது என்று பொதுவாக நம்புகிறோம். 2021 ஏப்ரல், மே மாதங்களின் இரண்டாம் அலைக்கு அது பொருந்தும். 2020 ஏப்ரலுக்குப் பொருந்தாது. அப்போது இந்தியாவின் பெரும்பாலான மாவட்டங்களில் தொற்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தது. ஆனாலும் ஓபி வெறிச்சோடியது. காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது ஆள் கணக்கு. கொரோனா வார்டில் ஒரு வாரம் வேலை, அடுத்த வாரம் தனிமை என்று முறை வைத்தார்கள். அப்படி வைத்தால் ஓர் இடத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்தோ இழுக்கப்பட்டவர். இதில் அதிகம் பேசப்படாதவர் மயக்க மருத்துவர். வென்டிலேட்டரைக் கையாளத் தெரிந்தவர்களில் முக்கியமானவர் அவர்தான். அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டால், அறுவை மருத்துவர் சும்மா இருந்தாலும் அறுவை அரங்கு திறக்காது. கிராமத்தில் இதே கதை வேறு உருவில் நடந்தது. வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டிய கிராம சுகாதார செவிலியர், வெளியூரிலிருந்து வந்தவர்களின் பட்டியல் எடுக்கப் போனார்.

இரண்டாவது கருவி. காசநோயைக் கண்டறிய வாங்கி வைத்திருந்த சிபிநாட், ட்ரூநாட் கருவிகளால் கொரோனாவையும் கண்டறிய முடியும். ஒரே கருவி, ஒரே லேப் டெக்னீஷியன், இரண்டு வரிசை. எந்த வரிசை முன்னால் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வழி. பஸ், ரயில் இல்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். வாடகைக் கார் கிடைத்தாலும் கட்டணம் கட்டுப்படியாகாது. மருத்துவமனை திறந்திருந்தும் நோயாளிக்கு அது மூடியதற்குச் சமம்.

நான்காவது பயம். இது இரண்டு பக்கமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும், பாசிட்டிவ் வந்தால் வீட்டைத் தகரம் வைத்து அடைப்பார்கள் என்று நோயாளிகள் தள்ளிப்போட்டார்கள். கவச உடை போதாத நிலையில் பல தனியார் கிளினிக்குகள் கதவைச் சாத்தின. காய்ச்சல் என்றாலே உள்ளே விடாத இடங்களும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2020இன் நடுவில் 105 நாடுகளிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீத நாடுகள் ஏதாவது ஒரு சேவையாவது பாதிக்கப்பட்டதாகச் சொல்லின. அதிகம் அடிவாங்கியவற்றில் ஊர்தோறும் சென்று போடும் தடுப்பூசி இருந்தது. சுகர், பிரஷர் போன்ற தொற்றா நோய் சிகிச்சையும் இருந்தது. அதாவது மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது வகைகள்.

எபோலா ஏற்கெனவே சொல்லியிருந்தது

இது எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளை எபோலா தாக்கியது. 28,600க்கும் அதிகமானோருக்கு நோய் வந்தது, 11,300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மலேரியாவும் காய்ச்சலில் தொடங்கும், எபோலாவும் காய்ச்சலில் தொடங்கும். மலேரியா வந்தவர் மருத்துவமனைக்குப் போனால் எபோலா வார்டில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் வீட்டிலேயே கிடந்தார். போனாலும் பார்க்க ஆள் குறைவு. லைபீரியா தன் மருத்துவர், செவிலியர், பேறுகாலப் பணியாளர்களில் சுமார் 8 சதவீதம் பேரை எபோலாவுக்குப் பறிகொடுத்திருந்தது.

பின்னர் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். மருத்துவச் சேவை பாதியாகக் குறைந்திருந்தால் மலேரியா, எச்.ஐ.வி., காசநோய் ஆகிய மூன்றில் மட்டும் எத்தனை பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள்? விடை சுமார் 10,600. எபோலா நேரடியாகக் கொன்றதற்கு ஏறக்குறைய சமம். பிரசவ இறப்பும் தட்டம்மையும் இதில் சேரவில்லை.

2020இன் பில்

இந்தியாவில் அது எப்படி இருந்தது என்பதற்குச் சில அளவுகள் உண்டு. காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு சீக்கிரம் பில் வந்தது.

முதலில் வந்தது டயாலிசிஸ். ராஜஸ்தானில் அரசுக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 63 சதவீதம் பேருக்கு ஊரடங்கில் சிகிச்சை தடைபட்டிருந்தது. மார்ச் மாதத்தோடு ஒப்பிட்டால் மே மாதம் அவர்களிடையே இறப்பு விகிதம் 64 சதவீதம் அதிகம். இந்த ஆய்வைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. இவர்கள் காப்பீடு பெற்றவர்கள். சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. அப்படியிருந்தும் சிகிச்சை தடைபட்டது. போகும் வழி அறுந்தது, மருத்துவமனைச் சேவை தடைபட்டது, மருந்து கிடைக்கவில்லை என்பவைதான் முக்கியக் காரணங்கள்.

அடுத்தது புற்றுநோய். தேசியப் புற்றுநோய் வலையமைப்பைச் சேர்ந்த 41 மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை பதிவான புதிய நோயாளிகள், அதற்கு முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைவு. பெரிய அறுவை சிகிச்சைகள் ஏறக்குறையப் பாதியாகின. அந்த ஆண்டு புற்றுநோய் பாதியாகிவிடவில்லை. கட்டி உடம்புக்குள் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. பதிவேட்டில்தான் இடம் காலியாக இருந்தது.

காசநோயில் இதே காலியிடம் இன்னும் பெரியது. 2019இல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020இல் சுமார் 18 லட்சம். அந்த ஆறு லட்சம் பேரில் கணிசமானோர் கண்டறியப்படாமல் வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்கள், அதுவும் எல்லோரும் ஒரே அறையில் அடைபட்டிருந்த காலத்தில். சிகிச்சை பெறாத நுரையீரல் காசநோயாளி ஒருவர் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக்கூடத் தொற்றைக் கொடுக்க முடியும் என்பது வழக்கமான மதிப்பீடு. உலக அளவில் காசநோய் இறப்புகள் பத்தாண்டுக்கும் மேலாகக் குறைந்துவந்தன. 2020இல் முதன்முறையாக ஏறின.

கடைசியாக வந்தது தட்டம்மை. ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பரவக்கூடிய நோய் இது. தடுக்க நூற்றில் 95 குழந்தைகளுக்கு ஊசி போட்டிருக்க வேண்டும். ஊரடங்கின் தொடக்க வாரங்களில் பல மாநிலங்களில் தடுப்பூசி அமர்வுகள் நின்றன. உலக அளவில் 2020இல் சுமார் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் வழக்கமான தடுப்பூசியைத் தவறவிட்டார்கள். 2022 கடைசியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, கொரோனா பற்றிய பேச்சே ஏறக்குறைய ஓய்ந்திருந்தது.

ஊசி போட மையத்துக்கு வரும் தாய்க்கும் குழந்தைக்கும் கொரோனா தொற்றும் ஆபத்து இருந்ததே, நிறுத்தியது சரிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆப்பிரிக்க நாடுகளை வைத்து லண்டன் ஆய்வாளர்கள் இதையே கணக்கிட்டார்கள். தடுப்பூசிக்காக மையத்துக்கு வந்து போவதால் ஒரு கொரோனா இறப்பு நேர்ந்தால், அதற்கு எதிர்ப்பக்கம் காப்பாற்றப்படும் குழந்தைகள் சுமார் 84 பேர்.

ஓடவைத்தது எது?

எங்கும் எல்லாம் இடிந்துவிடவில்லை. ஒரு நல்ல சான்று மலேரியா. 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கொசுவலை விநியோகம் நின்று, மலேரியா மருந்து கிடைப்பதும் முக்கால்வாசி குறைந்தால், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் அந்த ஆண்டு மலேரியா இறப்பு 7,69,000 வரை போகலாம் என்றது. அப்படி நடக்கவில்லை. ஓரிடத்தில் மக்களை வரிசையில் நிற்கவைத்து வலை கொடுத்த நாடுகள், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறைக்கு மாறின. அந்த ஆண்டு உலகம் முழுவதும் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 6,27,000 பேர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. முந்தைய ஆண்டைவிட 69,000 அதிகம், அதில் மூன்றில் இரண்டு பங்கு சேவைத் தடையால் வந்தது. நல்ல செய்தி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் பயந்த அளவுக்கும் நடந்த அளவுக்கும் இடையே உள்ள தூரத்தை உண்டாக்கியது கொசு இல்லை, நடந்துபோய்க் கொடுத்த ஆள்.

நம் பக்கத்தில் பயன்பட்டவற்றைப் பார்க்கலாம்.

1. மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பது. மாதம் ஒரு முறை வரவழைத்துக் கொடுத்த மருந்தை, நிலையான நிலையில் உள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2020 ஏப்ரல் 14 வழிகாட்டுதல் அனுமதித்தது. மிக எளிய உத்தி. ஆனால் கிடங்கில் மூன்று மாத இருப்பு இருந்தால்தான் முடியும். தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கும் முறையை வைத்திருந்தது. அது பெருந்தொற்றுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை, இருபத்தைந்து ஆண்டு முன்பே செய்தது.

2. ஏற்கெனவே வீட்டுக்கு வரும் ஒருவரைப் பயன்படுத்துவது. இலங்கையில் ஊரடங்கின்போது அரசு மருத்துவமனைக் கிளினிக் நோயாளிகளுக்கான மருந்துகளைத் தபால்துறை வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாக ஒரு செயலி தேவைப்படவில்லை. தபால்காரருக்கு வீடு தெரியும்.

3. தொலைபேசியில் வைத்தியம். இந்தியாவில் தொலைமருத்துவ விதிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், வெளியாயின. வீட்டிலிருந்தே இணையவழியில் மருத்துவரிடம் ஆலோசனை பெறும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனி ஓபி ஏப்ரல் 13 அன்று வந்தது. தொடக்க மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. ஆனால் இது மூன்றாவது வகைக்கு உதவும், முதல் இரண்டுக்கு உதவாது. போனில் பிரசவம் பார்க்க முடியாது.

4. கட்டடத்தைப் பிரிப்பது. ஒரே மருத்துவமனையில் கலந்து வைக்காமல் கொரோனாவுக்கு மட்டும் என்று சில இடங்களை ஒதுக்கினால், மற்ற இடங்களுக்கு நோயாளிகள் பயமின்றி வருவார்கள். சென்னையில் ஓமந்தூரார் மருத்துவமனை அப்படி மாற்றப்பட்டது. யோசனை நல்லது, ஆனால் இலவசம் இல்லை. ஓமந்தூராரில் அதுவரை இதயத்துக்கும் நரம்புக்கும் வைத்தியம் பார்த்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. கிண்டியில் முதியோருக்காகவே எழுப்பிய மருத்துவமனைக் கட்டடம் 2020 ஜூலையில் கொரோனா மருத்துவமனையாகத் திறந்தது. முதியோருக்கு அது கிடைத்தது 2024 பிப்ரவரியில்.

வரிசையை ஒருமுறை திரும்பப் பார்த்தால் ஒன்று புரியும். தொலைமருத்துவ விதி மார்ச் 25. அத்தியாவசியச் சேவைகளுக்கான விரிவான வழிகாட்டுதல் ஏப்ரல் 14. இடைவெளி 20 நாள். அரசு எந்திரத்தின் வேகத்துக்கு அது தாமதமே இல்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்பவருக்கு அது ஐந்தாறு முறை. இப்படியொரு வழிகாட்டுதலை நெருக்கடி வந்த பிறகு உட்கார்ந்து எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். காத்திருக்காதவற்றின் பட்டியல் மாவட்ட அலுவலகத்தில் முன்பே இருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்பவர் யார், எந்த ஊர், யார் வண்டி அனுப்புவது என்ற அளவுக்கு அது ஊர்வாரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆள் எங்கே?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தப் பாடத்திலிருந்து பிறந்த திட்டம் என்று சொல்லலாம். சுகர், பிரஷர் மாத்திரையை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவருகிறார். பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டில் நடக்கின்றன. வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் இதில் அடக்கம். ராஜஸ்தான் ஆய்வை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கடைசி வரியைப் படித்தால் அதன் மதிப்பு தெரியும். வழி அறுந்தாலும் பை வீட்டில் இருக்கும்.

ஆனால் வீட்டுக்குப் போகிற ஆளையே அடுத்த தொற்றில் கணக்கெடுக்க அனுப்பிவிட்டால் இந்த ஏற்பாடும் 2020இன் கிராம சுகாதார செவிலியர் நிலைக்குத்தான் வந்து நிற்கும். ஓர் இடத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்று மேலே போட்ட கணக்கு இங்கேதான் திரும்பி வருகிறது. சாதாரண நாட்களில் அந்த இரண்டாவது ஆள் வீண்செலவாகத் தெரிவார். நிதித்துறை முதலில் வெட்டுவதும் அவரைத்தான்.

கொரோனா காலத்தில் தமிழ்நாடு தற்காலிக அடிப்படையில் செவிலியர்களைச் சேர்த்தது. அவர்கள் இரண்டு அலைகளிலும் வார்டில் நின்றார்கள். 2022 டிசம்பர் 31 அன்று அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. அவர்கள் போராட்டத்தில் இறங்கிய பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் உள்ளிட்ட திட்டங்களில் மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது.